சுட்ட மண்ணும் சுடாத மண்ணும்

(விருத்தாசலத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வாசல் பக்கமாக இடம் பிடித்து, பாதியில் நழுவிவிடலாம் என்ற நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கும் செராமிக் கல்லூரித் தம்பிகளே, தங்கைகளே!

அழைப்பிதழில் “ஒரு தீவின் விநோதச் சட்டங்கள்” என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். விநோதம் என்ற சொல்லைப் பார்த்துவிட்டுச் சிரிக்க வந்தவர்கள் இருப்பீர்கள். சிரிக்கவும் இடம் உண்டு. ஆனால் அடுத்த வீட்டைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் நம் வீட்டை ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.

நம் ஊரை ஒட்டி மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். அவர் சன்னதிக்குப் போகாதவர்கள் இந்த அரங்கில் இருக்க மாட்டீர்கள். அங்கே என்ன செய்கிறோம்? பொருள் களவு போய்விட்டதா, கொடுத்த கடன் திரும்பவில்லையா, மருமகன் பெண்ணை அழைத்துப் போகவில்லையா, ஒரு தாளை வாங்கி முருகனுக்கு மனு எழுதுகிறோம். சன்னதியில் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் முன்னால் இருக்கும் வேலில் கட்டிவிட்டு வருகிறோம். பெயர் என்ன? பிராது கட்டுதல். மனுதாரர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாரோ அதற்கேற்றபடி கட்டணம். 90 நாள் கெடு. காரியம் முடிந்ததும் திரும்பி வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். பிராது, கெடு, ராஜினாமா, வாபஸ்: எல்லாம் கோர்ட்டு கச்சேரி வார்த்தைகள். கடவுளையே நீதிபதியாக உட்கார வைத்து, அவருக்கும் கெடு வைத்திருக்கிற ஊர் நம்முடையது. வெளியூர்க்காரர் கேட்டால் சிரிப்பார். நாம் ஏன் சிரிப்பதில்லை? ஏனென்றால் மனுவுக்குப் பின்னால் இருக்கும் வயிற்றெரிச்சல் நமக்குத் தெரியும். மற்ற நீதிமன்றங்களில் எத்தனை வாய்தா போடுவார்கள் என்பதும் தெரியும்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். 1429ஆம் ஆண்டு. விஜயநகர ஆட்சி. வரி கட்டி முடியவில்லை. வலங்கை தொண்ணூற்றெட்டுச் சாதியாரும் இடங்கை தொண்ணூற்றெட்டுச் சாதியாரும் இங்கே, நம் பழமலைநாதர் கோயிலில் கூடினார்கள். கூடி ஒரு முடிவெடுத்துக் கல்லில் வெட்டினார்கள். நம்மை வருத்துகிற அதிகாரிகளுக்கும், அவர்களோடு சேர்ந்து வருத்துகிற நிலக்காரர்களுக்கும் நம்மில் யாரும் தங்க இடம் கொடுக்கக் கூடாது. அவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கக் கூடாது. மீறினால் என்ன? அபராதமா? ஊர் விலக்கமா? குத்திக் கொல்வது! ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமா இந்தக் கல்வெட்டுகளை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் நம்மில் பலருக்கே இது தெரிந்தது. கணக்கு எழுதினால் மரணம் என்பது விநோதமான சட்டம்தானே? ஆனால் கணக்கன் எழுத்தாணியை எடுக்காவிட்டால் வரி வசூலே நடக்காது என்று கண்டுகொண்டவர்களின் சட்டம் அது. விநோதம் மேல்பூச்சு. சுரண்டிப் பார்த்தால் உள்ளே ஒரு சண்டை இருக்கிறது.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இப்போது கடல் தாண்டுவோம், வாருங்கள். யாழ்ப்பாணத்துக்கு.

தேசவழமை என்று ஒரு சட்டம் இருக்கிறது. இருந்தது என்று சொல்லவில்லை, கவனியுங்கள். இன்றும் இலங்கையின் வடக்கே தமிழர்களுக்கு நடப்பிலுள்ள சட்டம். சொத்து, சீதனம், வாரிசு, காணி விற்பது, இவற்றுக்கெல்லாம் அதுதான் அடிப்படை. யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கீசர் 1619இல் முடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், வந்தார்கள். கோட்டையைப் பிடித்தாகிவிட்டது, அடுத்து என்ன? வழக்குகள் வரத் தொடங்கின. வேலிச் சண்டை, பனைச் சண்டை, சீதனச் சண்டை. ஒல்லாந்து நீதிபதிக்கு ஒன்றும் புரியவில்லை. “எங்கள் தேசத்து வழமை இப்படி” என்று ஒருவர் சொல்வார். “இல்லை, வழமை அப்படி” என்று மற்றவர் சத்தியம் செய்வார்.

ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சிமோன்ஸ் 1706இல் ஓர் உத்தரவு போட்டார். இந்த வழமையை எல்லாம் எழுதிக் கொண்டு வா! உத்தரவு கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவைக்கு, அதாவது மாவட்ட அதிகாரிக்குப் போனது. அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாழ்ப்பாணத்தில் ஊறிய மனிதர். 1707இன் தொடக்கத்தில் எழுதி முடித்துவிட்டார். ஒல்லாந்து மொழியில் எழுதியதை யான் பைரூஸ் என்பவர் தமிழாக்கினார். அதைப் பன்னிரண்டு முதலிமார்களிடம், அதாவது உள்ளூர்த் தலைவர்களிடம், கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். அவர்கள் படித்துவிட்டு, ஆம், இதுதான் எங்கள் வழமை என்று ஒப்புக்கொண்டார்கள். ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்களும் 1806இல் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியைப் போட்டு, யாழ்ப்பாணத்து மலபார் மக்களுக்கு இதுவே சட்டம் என்றார்கள். மலபார் என்றால் பயப்பட வேண்டாம். தமிழர்களை அன்றைக்கு அவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள்.

செராமிக் கல்லூரித் தம்பிகளே, இப்போது உங்கள் பாடத்துக்கு வருகிறேன். பச்சைக் களிமண்ணை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். பிடிக்கவில்லையா, தண்ணீர் தெளித்துப் பிசைந்து மறுபடி செய்யலாம். ஆனால் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வெந்து வந்த பிறகு? வளைக்க முடியாது. உடைக்கத்தான் முடியும். வழமை பச்சை மண். ஊர்ப் பெரியவர் காலத்துக்குத் தகுந்தபடி கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று வளைத்துக்கொண்டே வந்தார். ஐசாக்ஸ் அதை 1707இல் சூளையில் ஏற்றினார். அன்றைக்கு யாருடைய விரல் எங்கே பதிந்திருந்ததோ, அந்த ரேகை அப்படியே வெந்து நின்றுவிட்டது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு பெண் உண்டா? ஓர் அடிமை உண்டா? ஒரு பனை சீவும் தொழிலாளி உண்டா? இல்லை! இதை மட்டும் மனதில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விநோதங்களுக்கு வருவோம். கல்யாணம் ஆகாத இளைஞர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், உங்கள் அப்பா பக்கத்தில் இருக்கலாம். தேசவழமை சொல்கிறது: மகன் கல்யாணத்துக்கு முன்னால் சம்பாதித்தது எல்லாம் குடும்பச் சொத்தில் சேர வேண்டும். அவன் உடம்பில் போட்டிருக்கும் பொன் வெள்ளி நகை மட்டும் அவனுக்கு. புகையிலைத் தோட்டத்தில் பத்து வருடம் பட்டை கட்டித் தண்ணீர் இறைத்தவன் கல்யாணத்தன்று கடுக்கனோடு மட்டும் வெளியே வர வேண்டியதுதான். அநியாயம் என்று தோன்றுகிறதா? அவன் உழைப்பு எங்கே போயிற்று? தங்கைகளின் சீதனத்துக்குப் போயிற்று. பெண்களைக் கரையேற்றுவதற்கு அண்ணன்மாரின் உழைப்பைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு அது. இன்றைக்கும் கனடாவிலும் லண்டனிலும் இரண்டு வேலை பார்த்துத் தங்கைக்குச் சீதன வீடு கட்டி முடித்த பிறகே தான் கல்யாணம் செய்துகொண்ட யாழ்ப்பாணத்து அண்ணன்மார் உண்டு. அவர்கள் தேசவழமையைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது மாப்பிள்ளைகளுக்கு. சீதனமாகக் கொடுத்த காணியைக் கல்யாணமாகிப் பத்து ஆண்டுகளுக்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் கைப்பற்றி ஆள வேண்டும். இல்லாவிட்டால் உரிமை போயிற்று. மாமனாரிடம் வாய் திறக்கக் கூச்சப்படும் மாப்பிள்ளையைச் சட்டமே பின்னாலிருந்து தள்ளுகிறது. “இன்னும் எத்தனை நாள் பேசாமல் இருப்பாய், போய்க் கேள்!” மாமனார் பக்கத்திலிருந்து பார்த்தால்? பத்து வருடம் எப்படியாவது பேச்சைத் தள்ளிப் போட்டுவிட்டால் காணி மிச்சம். இரண்டு தரப்புக்கும் தூக்கம் போயிருக்கும்.

பிள்ளை தத்தெடுப்பது எப்படித் தெரியுமா? ஒரு பாத்திரத்தில் மஞ்சள் தண்ணீர். பிள்ளை இல்லாதவரின் சொத்துக்கு நாளை உரிமை கொண்டாடக் கூடிய உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து அந்தத் தண்ணீரில் விரலை நனைக்க வேண்டும். பிறகு தத்தெடுக்கும் கணவனும் மனைவியும் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். சாட்சிக்கு யார்? வண்ணாரும் அம்பட்டரும் நிற்க வேண்டும். எழுத்து இல்லை, முத்திரைத்தாள் இல்லை. ஆனால் எவ்வளவு நுட்பம், பாருங்கள். விரல் நனைப்பது என்றால், இந்தச் சொத்து எனக்கு வராமல் இந்தக் குழந்தைக்குப் போகச் சம்மதம் என்று பொருள். நாளைக்கு ஒருவன் வந்து “எனக்குத் தெரியாதே” என்று சொல்ல முடியுமா? உன் விரல் நனைந்த தண்ணீரையல்லவா அவர்கள் குடித்தார்கள்! அதைவிட, சாட்சியைப் பாருங்கள். எந்தப் பெரிய வீட்டிலும் நல்லது கெட்டது எதுவும் இந்த இருவர் இல்லாமல் நடக்காது. ஊரின் எல்லா வீட்டு ரகசியமும் தெரிந்தவர்கள். வீட்டுக்குள் உட்கார வைக்காத மனிதனின் சாட்சியம் இல்லாமல் வாரிசு செல்லாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். விரல் ரேகை என்று முன்னால் சொன்னேனே, அதில் இதுவும் ஒன்று.

இனி, காணி விற்பது. யாழ்ப்பாணத்தில் வேலி என்பது சாதாரணக் காரியம் இல்லை. கதியால் என்னும் வேலிக்கம்பு நட்டு, பின்னிய ஓலைக் கிடுகு கட்டி, வருடா வருடம் புதுப்பிப்பார்கள். கதியால் ஒரு சாண் தள்ளி நட்டால் போதும், வழக்குத் தலைமுறை தாண்டும். நெடுந்தீவில் பவளப் பாறைக் கல்லை அடுக்கி வேலி போட்டிருப்பார்கள். காற்றுக்கும் அசையாது, மாமனுக்கும் அசையாது. அப்படிப்பட்ட ஊரில் நான் என் காணியை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாமா? முடியாது. வாரிசாக வரக்கூடியவர், அதே காணியில் பங்குள்ள பங்காளி, பக்கத்து நிலத்துக்காரர், ஒற்றி பிடித்திருப்பவர், இவர்களிடம் முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால்தான் வெளியாளுக்கு. உள்ளூரில் இருப்பவருக்கு ஒரு மாதம் அவகாசம். கடல் கடந்து போயிருப்பவருக்கு? ஒரு வருடம்! கப்பல் போய்த் திரும்ப வேண்டுமே.

ஒல்லாந்தர் இதில் ஒரு மாற்றம் செய்தார்கள். வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வழக்கத்தை மாற்றி, தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை கூறச் செய்தார்கள். அன்றைக்கு ஏட்டில் எல்லோரும் கிறிஸ்தவர்கள். பிரசங்கம் முடிகிறது. ஆமென். உடனே, இன்னார் தம் காணியை விற்கப் போகிறார், ஆட்சேபம் உண்டா? வீட்டுக்குள் திருநீறு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் என்று வாழ்ந்த மனிதர்கள் இந்த அறிவிப்புக்காகவாவது தவறாமல் போயிருப்பார்கள். இது என் ஊகம்தான். ஆனால் காணி என்றால் யாழ்ப்பாணத்தான் எங்கேயும் போவான்.

இந்த முதலில் வாங்கும் உரிமை 1947இல் தனிச் சட்டமாகிச் சுருங்கியது. பக்கத்து நிலத்துக்காரர் வெளியே போனார். பங்காளியும் வாரிசும் நின்றார்கள். ஒரு விசித்திரம் கேளுங்கள். மற்ற தேசவழமை விதிகள் ஆளைப் பிடித்துத் தொங்குபவை. யாழ்ப்பாணத்துத் தமிழர் கொழும்புக்குப் போனாலும் கூடவே போகும். இந்த விதி மட்டும் மண்ணைப் பிடித்தது. வட மாகாணத்துக் காணி யார் கையில் இருந்தாலும் அதற்குப் பொருந்தும்.

தீவு என்று ஆரம்பித்ததால் மற்ற மூலைகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். மட்டக்களப்பில் முக்குவர் வழமை என்று ஒன்று இருந்தது. சொத்துத் தாய்வழியில் போகும். 1876இல் பிரிட்டோ என்பவர் அதைப் புத்தகமாக எழுதினார். அதே ஆண்டில் வந்த பொதுச் சட்டத்தால் அந்த வழமை மெல்ல வழக்கொழிந்தது. எழுதி முடித்த கையோடு சாகத் தொடங்கிய சட்டம்! கண்டியில் பின்ன என்று ஒரு கல்யாணம் உண்டு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்க் குடியேற வேண்டும். அங்கே சொல்வார்கள், பின்ன மாப்பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கைத்தடி, ஒரு தாழங்குடை மாதிரியான தாளிப்பனை ஓலைக்குடை, ஒரு பந்தம் மூன்றையும் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டுமாம். எந்த இருட்டில், எந்த மழையில் வெளியே போ என்று சொல்வார்களோ! இங்கே வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பவர்கள் சிரிக்காமல் இருப்பதைக் கவனித்தேன்.

ஐரோப்பாவிலும் இப்படிச் சில தீவுகள் இருக்கின்றன. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே ஜெர்சி, குவெர்ன்சி என்ற தீவுகள். ஒருவர் என் நிலத்தில் அத்துமீறினால், நான் அந்த இடத்திலேயே முழந்தாளிட்டு, சாட்சிகள் முன்னால் “ஹாரோ” என்று மூன்று முறை கூவி, இளவரசே எனக்கு உதவுங்கள், எனக்கு அநியாயம் செய்கிறார்கள் என்று பிரெஞ்சில் முறையிட வேண்டும். பிறகு கிறிஸ்தவர்களின் பரமண்டல ஜெபத்தைச் சொல்ல வேண்டும். உடனே அத்துமீறியவர் தன் வேலையை நிறுத்தியாக வேண்டும். நீதிமன்றம் தீர்க்கும் வரை கைவைக்கக் கூடாது. பழங்கதை என்று நினைத்தீர்களா? 2018இல்கூடக் குவெர்ன்சியில் சாலை வேலையை எதிர்த்து ஒருவர் இப்படிக் கூவினார். நான் இதைப் படித்தபோது எனக்கு யார் நினைவுக்கு வந்திருப்பார்? நம் கொளஞ்சியப்பர்தான். அங்கே இளவரசர், இங்கே முருகன். ஏழைக்கும் எளியவனுக்கும் வக்கீல் இல்லாமல் வாய் திறக்க ஒரு வழி.

நிற்க. சிரிப்பை இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். ஐசாக்ஸ் எழுதிய நூலில் அடிமைகளைப் பற்றியும் விதிகள் இருக்கின்றன. மாட்டை வாடகைக்கு விடுவது, நெல்லைக் கடன் கொடுப்பது, நகையை அடகு வைப்பது, இந்த வரிசையிலேயே மனிதர்களும் வருகிறார்கள். யார் யாருக்குச் சொந்தம், அடிமையின் பிள்ளை யாருக்கு, அடிமை சேர்த்த சொத்து யாருக்கு. இலங்கையில் அடிமை முறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. அந்தப் பக்கங்கள் செல்லாமல் போயின. அதற்கு முன் 137 ஆண்டுகள் அவை செல்லுபடியாகும் சட்டம். பழைய சட்டம் என்றதும் நம் முன்னோர் எவ்வளவு அறிவாளிகள் என்று மார்தட்டுகிற பேச்சாளர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுவார்கள். தாண்டக் கூடாது. மஞ்சள் தண்ணீரைச் சூளையில் வைத்த அதே கைதான் இதையும் வைத்தது.

சரி, இந்தச் சட்டத்தில் பாராட்ட எதுவுமே இல்லையா? இருக்கிறது. பெரிதாகவே இருக்கிறது.

நம் பக்கத்தில் வரதட்சணை என்றால் என்ன? பெண் வீட்டில் கொடுப்பது, மாப்பிள்ளை வீட்டில் வாங்கிக்கொள்வது. பணம் மாமியார் பீரோவுக்குள் போகும். வண்டிச் சாவி மாப்பிள்ளை பையில் போகும். பெண் பேருக்கு என்ன மிஞ்சும்? தேசவழமையில் சீதனம் பெண்ணுக்கு. அவள் பேரில் உறுதி. உறுதி என்றால் அவர்கள் மொழியில் பத்திரம். அம்மாவின் காணி மகளுக்கு, மகளின் காணி பேத்திக்கு. அப்பா வழியில் வந்தது முதுசம், அது ஆண்பிள்ளைகளுக்கு. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து தேடியது தேடிய தேட்டம். அந்தச் சொல்லைக் கேளுங்கள், தேடிய தேட்டம்! கணவன் வெளியே போய்ச் சம்பாதித்தாலும், மனைவி வீட்டில் அடுப்பு ஊதினாலும், சேர்ந்தது இருவருக்கும் பொது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வந்தது எப்போது? 1989இல். அங்கே 1707லேயே காணி பெண் பேரில் இருந்தது. வழக்குரைஞராகவும் நீதியரசராகவும் இருந்த எச். டபிள்யூ. தம்பையா இந்தத் தாய்வழிச் சாயலைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

கைதட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். காணி அவள் பேரில் இருக்கிறது. அதை அவள் விற்க முடியுமா?

முடியாது. கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். 1911இல் யாழ்ப்பாணத்தாருக்கென்று திருமண உரிமை, வாரிசுரிமைச் சட்டம் ஒன்று வந்தது. அதிலும் இந்த விதி உட்கார்ந்துவிட்டது. நகை நட்டு, ஆடு மாடு, இவற்றை அவள் இஷ்டத்துக்கு விற்கலாம். மண்ணை மட்டும் விற்க முடியாது. அவளுடைய அம்மா அவளுக்குக் கொடுத்த மண்ணை!

களிமண்ணுக்கு ஞாபகம் உண்டு என்று உங்கள் பட்டறையில் சொல்வார்கள். பச்சையாக இருக்கும்போது ஒரு கைப்பிடி வளைந்துவிட்டால் நிமிர்த்தி வைப்பீர்கள். பார்வைக்கு நேராக இருக்கும். சூளைக்குள் போய் வந்தால்? பழைய வளைவு திரும்ப வந்து நிற்கும். இந்தச் சட்டத்தை 1911இல் நிமிர்த்தினார்கள், 1947இல் நிமிர்த்தினார்கள். வளைவு போகவில்லை. பெண் சொத்தை வைத்திருக்கலாம், ஆளக் கூடாது என்ற அந்தப் பழைய விரல் அழுத்தம்.

எனக்கு இது புத்தகத்திலிருந்து தெரியவரவில்லை. எங்கள் தெருவில் சில காலம் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வாடகைக்கு இருந்தார். 1990இல் படகேறி வந்தவர்களில் ஒருவர். முகாமில் இருந்துவிட்டுப் பிறகு எங்கள் பக்கம் வந்தார். இரண்டு பெண்பிள்ளைகள். பீங்கான் பட்டறை ஒன்றில் அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறை வழித்துத் துடைக்கும் வேலை. கார்த்திகை வந்தால் அகல் விளக்கு, மற்ற நாளில் பியூஸ் கட்டைகள். கை எப்போதும் வெள்ளையாக இருக்கும். நான் பத்திரம், வில்லங்கம் என்று கொஞ்சம் அறிந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் வந்தார். மூன்று பாலித்தீன் உறைக்குள் ஒரு காகிதம். படகில் வரும்போது பிள்ளைகளை இடுப்பில் கட்டிக்கொண்டு, இதைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தாராம்.

“தம்பி, இது என்ரை அம்மா எனக்கு எழுதித் தந்த சீதன உறுதி. எட்டுப் பரப்புக் காணி. மூத்தவளின்ரை கலியாணத்துக்கு இதை விக்கலாமெண்டு பாக்கிறன். அங்கை வாங்க ஆக்கள் இருக்கினம்.”

“உங்கள் பேரில்தானே அம்மா இருக்கிறது, பிறகென்ன?” என்றேன். எனக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். பரப்பு என்பது அவர்கள் ஊர் நில அளவு.

“என்ரை பேரிலைதான் கிடக்கு. ஆனா அவர் கையெழுத்து வைக்காமல் நொத்தாரிசு உறுதி முடிக்கமாட்டார்.”

“அவர் எங்கே?”

“ஆருக்குத் தெரியும்? அரிசி வாங்கிக்கொண்டு வாறனெண்டு சைக்கிளிலை வெளிக்கிட்டவர். வரேல்லை.”

அன்றிரவு நான் தூங்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தச் சட்டத்தைத் தேடித் தேடிப் படித்தேன். சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. கணவன் கைவிட்டுப் போனாலோ, காணாமல் போனாலோ, காரணமில்லாமல் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, கணவனின் கையெழுத்துக்குப் பதில் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். எந்த மாவட்ட நீதிமன்றம்? அங்கே இருப்பது. இவர் இருப்பது இங்கே, கடவுச்சீட்டு இல்லாமல். போர் நடக்கிறது. திரும்பிப் போய் வழக்குப் போட வழியில்லை. இவரைப் போல வடக்கே எத்தனை பெண்கள்! காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் தெருவோரம் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களில் காணி உள்ளவர்களுக்கும் இதே கதைதான். ஒரு பெண் தன் கணவன் செத்துவிட்டான் என்று கையெழுத்துப் போட்டால் காணியை விற்கலாம். இருக்கிறான் என்று நம்பினால் நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டும். 1707இல் பன்னிரண்டு முதலிமார் இதை நினைத்துப் பார்த்திருக்க முடியுமா? அவர்கள் காலத்தில் கணவன் வயலுக்குப் போனால் பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடுவான்.

கணவனின் சம்மதம் வேண்டும் என்ற இந்த விதியை நீக்க வேண்டும் என்று இலங்கையிலேயே பெண்கள் அமைப்புகள் பல காலமாகக் கேட்டு வருகின்றன. எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? தேசவழமை தமிழரின் அடையாளம், அதில் கை வைக்கக் கூடாது என்று நம்மவர்களே சொல்கிறார்கள். நிலமே கையை விட்டுப் போகிற காலத்தில் அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வெளியாளுக்கு விற்காமல் இருக்க வைத்த அடைப்பல்லவா அது? ஆனாலும் அடையாளத்தின் பாரத்தை ஒரு பெண்ணின் எட்டுப் பரப்பின் மேல் மட்டும் இறக்கி வைப்பது எந்த நியாயம்? நான் தமிழ்நாட்டுக்காரன், இதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். அந்த அம்மா என்னிடம் வந்து அந்த உறையைப் பிரித்தாரே, அந்த உரிமை.

அந்த அம்மா காணியை விற்காமலேயே கண்ணை மூடினார். இரண்டு பெண்களுக்கும் முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. கடன் வாங்கித்தான் நடத்தினார். பெரியவள் முகாமில் இருந்த யாழ்ப்பாணத்துப் பையனைக் கட்டினாள். சின்னவள் நெய்வேலியில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையனைக் கட்டினாள். அந்த உறுதியில் இருக்கும் எட்டுப் பரப்பு இப்போது இருவருக்கும் சமமாக வந்திருக்கிறது. போன மாதம் சின்னவள் அந்த உறையைக் கொண்டு வந்தாள்.

1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவை அவளுக்குப் படித்துக் காட்டினேன். தேசவழமைக்கு உட்பட்ட பெண், அதற்கு உட்படாத ஆணை மணந்தால், அந்தக் கல்யாணம் இருக்கும் வரை தேசவழமை அவளைக் கட்டுப்படுத்தாது. ஆகவே நெய்வேலிக்காரனைக் கட்டிய சின்னவள் தன் நான்கு பரப்பைத் தன் கையெழுத்திலேயே விற்கலாம். பெரியவள் தன் நான்கு பரப்பை விற்க அவள் கணவன் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் வாங்கும் உரிமை மண்ணைப் பிடித்தது என்றேனே, அதனால் சின்னவள் விற்பதானாலும் பங்காளியான அக்காவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சின்னவள் சொல்லிவிட்டாள். அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை.